சேவையகம் என்றொரு பூட்டிய கடை

"சேவையகம் மூடப்பட்டதால் தவிக்கும் ரசிகர்கள், அதை மீண்டும் திறக்கக் கோரிக்கை." போன வாரம் குன்னூர் பெட்போர்டில் டீக்கு நின்றபோது என் அக்கா மகனின் போனில் ஒரு தமிழ் வீடியோ இப்படி வாசித்தது. பக்கத்தில் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்த பெரியவர் முகம் மாறிவிட்டது. "எந்த இ-சேவை தம்பி? நம்ம ஊர்லயா? நாளைக்கு வருமானச் சான்றுக்குப் போகணுமே" என்றார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். தமிழைத் தப்பாக எழுதியது அந்த வீடியோக்காரர். செய்தி என்னவோ நிறுத்தப்பட்ட ஓர் ஆன்லைன் விளையாட்டைப் பற்றியது. "சேவையகம்" என்று அவர்கள் சொன்னது சர்வரை. இந்தச் சொல்லை எத்தனையோ வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவருகிறேன். அன்று டீ ஆறிப்போகும் அளவுக்குப் பொறுமை போய்விட்டது.

சொல்லின் பிறப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'செர்வுஸ்' என்றால் அடிமை. அதிலிருந்து ஏவல் செய்வது என்ற வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அந்த வினையைச் செய்கிறவர் சர்வர் ஆனார். 1953இல் டேவிட் கெண்டால் என்ற கணிதர் வரிசைகளைப் பற்றி எழுதியபோது, நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கவனித்து அனுப்பும் முனைக்கு இந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார். 1969இல், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற கணினி வலைக்காக எழுதிய குறிப்புகளில் கேட்கிற கணினி, கொடுக்கிற கணினி என்ற பிரிவு வருகிறது. கொடுக்கிற கணினிக்குச் சர்வர் என்று பெயர். அதில் ஓடி அந்த வேலையைச் செய்கிற நிரலையும் இன்று சர்வர் என்றே சொல்கிறோம். நம் ஊரில் சர்வர் என்றால் யார் என்று சொல்லவே வேண்டாம். தோசை கொண்டுவருகிறவர்.

ஓட்டல்காரர், வரிசைக் கணக்கு, கணினி எல்லாவற்றிலும் சர்வர் ஒரு வேலையைச் செய்கிற ஒன்று. எங்கேயும் அது இடம் இல்லை.

இப்போது சேவையகத்தைப் பார்ப்போம். நூலகம், உணவகம், அஞ்சலகம், மருந்தகம், பதிப்பகம், அலுவலகம். 'அகம்' என்று முடிந்தால் நம் காதுக்கு அதற்கு ஒரு வாசல் உண்டு, ஷட்டர் உண்டு, மதியம் சாப்பாட்டு இடைவேளையும் உண்டு. சேவை செய்யும் அகம் என்றால் சேவை மையம்தான். எங்கள் கொங்குப் பக்கத்து உறவினர்கள் சிலருக்கு சேவை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எலுமிச்சை சேவையும் தேங்காய்ச் சேவையும். பெருமாள் கோயிலுக்குப் போகிறவருக்குக் கருட சேவை. இந்தப் பலகையை எங்கே மாட்டினாலும் உள்ளே கணினி நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்.

சேவை வடசொல் என்பதால் எதிர்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்சியில் நான் இல்லை. சர்வர் என்று அப்படியே எழுதுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ரேஷன் கடையில் "சர்வர் வேலை செய்யலைங்க" என்றால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் புரிகிறது. தமிழில்தான் எழுத வேண்டும் என்றால் 'வழங்கி' என்று எழுதுங்கள். இரண்டும் இல்லாமல் நடுவில் ஒரு பூட்டிய கட்டடத்தைக் கட்டுவதுதான் எனக்கு ஆகவில்லை.

வழங்கி நல்ல நாட்டுச் சரக்கு. வழங்கு என்ற வினையோடு இகரம் சேர்ந்தால், அதைச் செய்கிற பொருள். மண்வெட்டி, பாக்குவெட்டி, சுமைதாங்கி, தேங்காய்த் துருவி எல்லாம் இப்படிப் பிறந்தவை. ஒலிபெருக்கியும் உலாவியும் அதே அச்சுதான். சின்னப் பிள்ளையும் கேட்டவுடன் பிரித்துப் பொருள் சொல்லும்.

வழங்கு என்ற வினைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதுதான் எனக்கு இந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம் வரக் காரணம். கொடுப்பது மட்டும் வழங்குவது ஆகாது. நடமாடுவதும் புழங்குவதும் வழங்குவதுதான். சங்கப் பாட்டில் யானையும் புலியும் காட்டில் வழங்கும். "வான்நின்று உலகம் வழங்கி வருதலால்" என்று குறள் மழையைச் சொல்லும்போதும் கொடுப்பது என்ற பொருள் இல்லை. மழை நிற்காமல் பெய்வதால் உலகம் நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அங்கே பொருள். வழக்கு, வழக்கம், வழக்கொழிதல் எல்லாம் இதே குடும்பம். ஆன்லைன் விளையாட்டில் வழங்கி நின்றால் விளையாட்டின் உலகமே வழங்காமல் போகிறது. இதைவிடப் பொருத்தமாக யாரும் உட்கார்ந்து யோசித்துக்கூடச் செய்திருக்க முடியாது.

சரி, ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை கூச்சல்? அந்த வீடியோவுக்கே திரும்புகிறேன். அதில் சொன்ன விளையாட்டு யுபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ'. 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய விளையாட்டு. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்களை நிறுத்தினார்கள். தனியாக ஓட்டிப் பார்க்கும் பகுதிக்கும் சர்வர் தொடர்பு தேவை என்பதால், காசு கொடுத்து வட்டு வாங்கியவர் கையிலும் வெறும் வட்டுதான் மிஞ்சியது. அதற்கடுத்த மாதமே ராஸ் ஸ்காட் என்பவர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனுவுக்குத் தேவையான 10 லட்சம் கையெழுத்தை 2025 ஜூலையில் அது தாண்டியது.

அவர்கள் கேட்பது என்ன? "சேவையகத்தை மீண்டும் திற" என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுவனம் காலம் முழுக்கச் செலவு செய்து ஓட்ட வேண்டும் என்றும் கேட்கவில்லை. நீ நிறுத்துவதானால் நிறுத்திக்கொள், போகும்போது நாங்கள் விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்பதுதான் கோரிக்கை. வழங்கும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அதற்கு வழி செய் என்பது. "சேவையகம்" என்று எழுதிய அந்த நொடியிலேயே இந்தக் கோரிக்கை செத்துவிடுகிறது. கடைக்குச் சொந்தக்காரன் கடையை மூடினால் திறக்கச் சொல்லிக் கெஞ்சத்தான் முடியும். வழங்கி ஒரு நிரல், அதை யார் கணினியிலும் ஓட்டலாம் என்று தெரிந்தால்தான் அவர்கள் கேட்பதில் இருக்கும் நியாயம் புரியும்.

ஓட்டல் சர்வரையே நினைத்துப் பாருங்கள். அடுப்பு எரிகிறது, மாவு இருக்கிறது, நீங்களும் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். சர்வர் மட்டும் வேலையை விட்டுப் போய்விட்டார். யாராவது எழுந்து வாளியைத் தூக்கினால் பந்தி நடக்கும். கல்யாண வீட்டில் நாம் செய்வது அதுதானே?

ரசிகர்கள் வாளியைத் தூக்கியும் இருக்கிறார்கள். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற ஆன்லைன் விளையாட்டு 2012 நவம்பர் 30 அன்று நின்றது. 2019இல் அதன் சர்வர் நிரல் ரசிகர்கள் சிலரிடம் இருப்பது வெளியே தெரிந்து, ஆட்டம் திரும்பவும் நடக்கத் தொடங்கியது. 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட், 'ஹோம்கமிங்' என்ற ரசிகர் குழுவுக்கு முறைப்படி உரிமமே கொடுத்துவிட்டது. 2011 டிசம்பரில் நின்ற 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' விளையாட்டின் ரசிகர்களில் ஒரு குழு நிரலுக்காகக் காத்திருக்கவில்லை. விளையாட்டு சர்வரிடம் என்ன கேட்கிறது, சர்வர் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துப் பார்த்துப் புதிதாகவே ஒரு வழங்கியை எழுதினார்கள். இவர்கள் செய்ததை "மூடிய சேவையகத்தைத் திறந்தனர்" என்று எழுதினால் பூட்டை உடைத்தவர்கள் மாதிரி ஆகிவிடும். சட்டப்படி சிக்கல் உண்டுதான். நிறுவனங்களும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகின்றன. ஆனால் அந்த வழக்கைச் சொல்லே முன்கூட்டித் தீர்த்துவைக்கக் கூடாது.

2004, 2005 வாக்கில் குன்னூர் பிரவுசிங் சென்டர்களில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடிய எங்களுக்கு இது பாடம் எடுக்காமலே தெரியும். "டேய், நீ சர்வர் போடு" என்போம். மூலையில் இருக்கும் கொஞ்சம் நல்ல கணினிக்காரன் போடுவான், மற்றவர்கள் சேர்வார்கள். அவன் வீட்டுக்குக் கிளம்பினால் அடுத்தவன் போடுவான். யாராவது "சேவையகம் போடு" என்று சொல்லியிருந்தால் செங்கல் சிமெண்டுக்கு எங்கே போவது என்று கேட்டிருப்போம்.

இன்னொரு குழப்பமும் இதே சொல்லால் வருகிறது. 2020இல் பப்ஜியை அரசு தடை செய்தபோதும் "சேவையகம் மூடல்" என்றே எழுதினார்கள். அங்கே வழங்கி நிற்கவே இல்லை. உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, நமக்கு மட்டும் வழி அடைபட்டது. பர்லியாறு பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டால் மேட்டுப்பாளையமே மூடிவிட்டது என்று சொல்வோமா? கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு போவோம்.

வழங்கிக்கு எதிராகச் சொல்வதையும் பார்த்துவிடலாம். "உணவு வழங்கி மகிழ்ந்தார் என்று வினையெச்சமாகவும் வருமே, குழம்பாதா?" என்பார்கள். வழிகாட்டி என்பதும் "வழிகாட்டிச் சென்றார்" என்று வருகிறது. இதுவரை யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. அடுத்தது கொஞ்சம் கனமான அடி. ஏடிஎம்மையும் பண வழங்கி என்கிறோம், தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்தையும் வழங்கி என்கிறோம், இதையும் சேர்த்தால் எது எது என்று எப்படித் தெரியும்? ஒப்புக்கொள்கிறேன், இடிக்கத்தான் செய்கிறது. முன்னால் பணம், தண்ணீர் என்று ஒட்டு இருந்தால் அது, ஒட்டில்லாமல் தனியாக நின்றால் இது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முழுத் திருப்தி எனக்கும் இல்லை. ஆனாலும் ஆள் மாறாட்டம், ஆளைக் கட்டடமாக்குவதைவிடத் தேவலை.

உண்மையில் என் கோபம் இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. விளையாட்டுகளைத் தமிழாக்கும் சிலர் அகராதியை ஒரு கையிலும் கடிகாரத்தை மறுகையிலும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். சர்வரிடம் கேட்டு வாங்கும் நிரலுக்கு கிளையண்ட் என்று பெயர். ஒரு விளையாட்டின் தமிழ்த் திரையில் "உங்கள் வாடிக்கையாளரைப் புதுப்பிக்கவும்" என்று வந்ததை என் கண்ணால் பார்த்தேன். வாடிக்கையாளருக்கு வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. வழங்கி என்று ஒரு முனைக்கு வைத்துவிட்டால் மறுமுனைக்கு 'வாங்கி' தானாக வந்து உட்காரும். கொடுக்கல் வாங்கல் நமக்குப் புதிதா என்ன? மொழிபெயர்க்க உட்காரும் முன் பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் போதும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

இதையெல்லாம் அன்று டீக்கடையிலேயே மருமகனிடம் கொட்டினேன். பெரியவரும் பாதி வரை கேட்டார், இ-சேவை மையம் திறந்துதான் இருக்கிறது என்று உறுதியானதும் கிளம்பிவிட்டார். மருமகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் பழைய லேப்டாப்பு வழங்கியா மாமா?" என்றான். அதில்தான் அவனும் வகுப்பு நண்பர்கள் நாலு பேரும் மைன்கிராஃப்ட் ஆடுகிறார்கள். அதன் சர்வர் நிரலை மட்டும் அதைச் செய்தவர்களே யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். ஆமாம் என்றேன். அவனுக்கும் சந்தோஷம், எனக்கும்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. எங்கோ கம்பியில் மரக்கிளை விழுந்து கரண்ட் போனது. இருட்டில் மாடியிலிருந்து அவன் கத்தினான்: "மாமா, சர்வர் போயிருச்சு!" திருத்தவில்லை. மெழுகுவர்த்தி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.