பூஸ்டரைக் கழற்றி வையுங்கள்

இந்த மாம்பழ சீசனில் மட்டும் இது நான்காவது வயர்லெஸ் புகார். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. எடை மேடைக்கும் கேட்டுக்கும் நடுவே வாக்கி டாக்கி. ஏரியலோடு ஓரிடத்தில் நிற்கும் பேஸ் செட்டில் சம்பந்தமில்லாத குரல்கள், உடைந்து கரகரவென்று. "யாரோ நம்ம லைனைத் திருடிப் பேசுறாங்க சார்" என்றார் மேலாளர். மாடியேறிப் பார்த்தால், ஏரியலுக்குக் கீழே புத்தம் புது பூஸ்டர், வரும் சிக்னலைப் பெருக்கும் பெட்டி.

யாரும் திருடவில்லை. பக்கத்தில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். எண்களை மாற்றிச் சொல்கிறேன்: ஒன்று 150.0, இன்னொன்று 150.6 மெகாஹெர்ட்ஸ். 150.6-ஐ இரட்டித்து 150.0-ஐக் கழியுங்கள். 151.2. இரண்டு சிக்னலும் கலந்தால் பிறக்கும் அலைவரிசை அது; ஆலையின் அலைவரிசையும் அதுவேதான். அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது மட்டும் குரல் வருவது அதனால்தான்.

பூஸ்டர் பற்றி எத்தனை முறை சொல்வது! தூரத்துச் சிக்னல் மெலிந்து வந்தால் பூஸ்டர் சரி. இங்கே சிக்கலே பக்கத்துச் சிக்னல்களின் பலம். ரிசீவர் அவற்றைத் தாங்காமல் திணறித்தான் இந்தக் கலப்புக் குரலைத் தானே உண்டாக்குகிறது. 10 டெசிபல் பூஸ்டர் உங்கள் ஆள் பேசுவதை 10 டெசிபல் உயர்த்தும். கலப்புக் குரலை 30 டெசிபல் உயர்த்தும். காசு கொடுத்துத் தொல்லையை வாங்கி மாட்டுகிறீர்கள்.

சோதனை இதற்கு நேர்மாறு. ஏரியல் கேபிளில், சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகுங்கள். மைக்கைக் கழற்றிவிடுங்கள், மறந்து பேசினால் அட்டெனுவேட்டர் கருகிவிடும், எனக்கே இரண்டு போயிருக்கிறது. உங்கள் ஆள் குரல் கொஞ்சம் குறைந்து, வேற்றுக் குரல் அடியோடு மறைந்தால் குற்றவாளி உங்கள் ரிசீவர். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் கலப்பு வெளியிலேயே நடக்கிறது. அப்போது அந்த டிரான்ஸ்மிட்டர்களையும் மாடியில் துருப்பிடித்த கம்பி, கிளாம்ப், போல்ட்டுகளையும் பாருங்கள். துருவேறிய இணைப்பும் சிக்னல்களைக் கலக்கும்.

ரிசீவர்தான் என்றால் பூஸ்டர் முதலில் கீழே இறங்கட்டும். ஏரியலை அவர்கள் ஏரியலிலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். போதாவிட்டால் உங்கள் அலைவரிசைக்குச் சரிசெய்த கேவிட்டி ஃபில்டர்; அது உங்கள் சிக்னலை விட்டு மற்றதைத் தடுக்கும். வெளியே என்றால் டிரான்ஸ்மிட்டர்காரரிடம், அடுத்தவர் சிக்னல் உள்ளே திரும்பி வராமல் தடுக்கும் ஐசோலேட்டர் போடச் சொல்லிப் பேசுங்கள், சண்டை வேண்டாம். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. உரிமத்தில் இல்லாத அலைவரிசைக்கு நீங்களாகவே மாறிவிடாதீர்கள்.

வைகாசி பிறக்கும் முன்பே கூப்பிடுங்கள், தயவுசெய்து. மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்கும்போது ஏரியலை இறக்க யாரும் விடுவதில்லை.