பட்டம் ஏன் படமாகிறது?

சித்திரை விடுமுறை முடிந்த கையோடு, மூதூரிலிருந்து ஒரு தாய் தரம் 4 படிக்கும் மகனைக் கூட்டிவந்தார். “வாயால் கேட்டால் எல்லாம் சொல்லுவான் மிஸ், கொப்பியைத் திறந்தால்தான் ஒன்றும் வராது” என்றார். பார்த்தேன். பட்டம் படமாக இருந்தது, பாட்டு பாடாக, கால் கல்லாக. ஒவ்வொன்றின் கீழும் பத்துத் தடவை திருப்பி எழுத வைத்திருந்தார்கள், ஏழாவது தடவையில் மறுபடியும் படம்.

திருகோணமலையில் பேச்சு மொழி சிகிச்சையாளராக இருக்கும் எனக்கு இந்தக் கொப்பி புதிதல்ல. கண்ணும் காதும் ஏற்கெனவே பரிசோதித்தாகிவிட்டது, பழுதில்லை. கைபேசியில் நொடிக்கு இரண்டு தட்டாகத் தாளத்தை ஓடவிட்டு, கூடவே பென்சிலால் மேசையில் தட்டச் சொன்னேன். மூன்று தட்டு சேர்ந்து வந்தது, அப்புறம் பென்சில் தன்பாட்டில் முந்தி ஓடியது.

இதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் பிழையின்றி எழுதவும் பழகுவதில் விடாமல் வரும் சிரமம், என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் டிஸ்லெக்சியா உள்ள பல பிள்ளைகளுக்குத் தாளத்தோடு ஒட்டித் தட்டுவது சிரமம் என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உஷா கோஸ்வாமி 2011இல் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். பேச்சில் ஒவ்வொரு அசையும் தொடங்கும்போது ஒலி மேலெழுகிறது, ‘ப’ சட்டென்று, ‘வ’ மெதுவாக. இந்த ஏற்றத்தைப் பிடித்துத்தான் மூளை பேச்சைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது, அந்தப் பிடி தளர்ந்தால் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகள் தெளிவாகப் பதியாது, பதியாத ஒலிக்கு எழுத்தைப் பொருத்த முடியாது.

அவர் ஆங்கிலத்தை வைத்து ஆய்வைத் தொடங்கினார், அங்கே அசையழுத்தம், அதாவது ஓர் அசையை மற்றதைவிட அழுத்திச் சொல்வது, முக்கியம். நம் மொழியில் காலமே பொருளை மாற்றிவிடுகிறது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை. கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் மாத்திரையை அளந்து வைத்திருக்கிறது! பட்டத்தில் வரும் ‘ட்’டைச் சொல்லிப் பாருங்கள், நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒரு கணம் சத்தமே இல்லாமல் நிற்கும். அந்தச் சின்ன நிறுத்தம் அவன் காதுக்கு எட்டினாலும் மனதில் பதியவில்லை என்றே நினைக்கிறேன். பதியாததை எழுதவில்லை என்று பிள்ளையை அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இசை இதற்கு மருந்தா? 2015இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு இசையும் இன்னொரு குழுவுக்கு ஓவியமும் கற்பித்தார்கள். ஒலிகளைப் பிரித்தறிவதிலும் வாசிப்பிலும் இசைக் குழு கூடுதலாக முன்னேறியது. அதற்காக மிருதங்க வகுப்பில் சேர்த்துவிட்டால் வாசிப்பு தானாக வந்துவிடாது, எழுத்தும் ஒலியும் முறையாகச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

நான் செய்வது இரண்டையும் ஒட்டவைப்பது. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குத் தட்டி ஒரு வீச்சு, மெய்க்குக் கையை மூடி ஒரு பிடி. உடனே அதே சொல்லை எழுத்தட்டையில் தேடி எடுக்க வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம், வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ செய்யலாம். புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதென்று அந்தப் பத்து நிமிடத்தையும் ரியூசனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

அந்த மகன் போன கிழமை வந்தபோது சொல்வதெழுதல் வைத்தேன். பட்டம் என்றதும் இடது கை மேசையில் ஒரு தட்டுத் தட்டி, மூடி, மறுபடி தட்டியது, அப்புறம்தான் பென்சில் நகர்ந்தது. புள்ளி வைத்த ‘ட்’ இருந்தது. பாட்டு இன்னும் பாடுதான், அதை அடுத்த கிழமை பார்ப்போம்.