சேறு காவல் காக்கும் மலை

“ஈரமானால் மலைச்சரிவு சரியும் என்று படித்திருக்கிறோம். பிலிப்பைன்ஸில் மலை முழுக்க வயல் வெட்டித் தண்ணீர் தேக்கி வைத்திருக்கிறார்களே, அது மட்டும் எப்படி நிற்கிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி.

லூசோன் தீவின் வடக்கே, கார்டில்லெரா மலைகளில் இஃபுகாவ் பழங்குடியினர் வெட்டிய படிக்கட்டு வயல்கள் அவை. படாட், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், நாகாகடன் என ஐந்து தொகுதிகளை 1995இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது.

சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பது துகள்களுக்கு இடையிலான உராய்வு. மண்ணின் துளைகளில் தண்ணீர் நிரம்பினால் அதன் அழுத்தம் துகள்களைப் பிரிக்கும், உராய்வு குறையும், மண் வழுக்கும். சரி, அப்படியானால் தண்ணீர் மேலே எவ்வளவு நின்றாலும் உள்ளே இறங்காமல் இருந்தால் போதுமே! இஃபுகாவ் வயலின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

வயலின் அடியில் பெரிய கற்கள், அதன்மேல் சரளை, அதற்கும் மேல் களிமண், உச்சியில் மேல்மண். களிமண் துகள்கள் மிகமிகச் சிறியவை, தட்டையானவை. காய்ந்த மண்ணில் இவை கட்டி கட்டியாக ஒட்டிக் கிடக்கும். கட்டிகளுக்கு நடுவே தண்ணீர் ஓட வழி இருக்கும். தண்ணீர் விட்டு மிதித்துக் குழப்பினால் கட்டிகள் உடைகின்றன. கரைந்த துகள்கள் மெல்லக் கீழே இறங்கி, நனைந்த தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இருந்த வழியெல்லாம் அடைபட்டுவிடுகிறது. நெல்லுக்காகச் சேறடிக்கும் அதே கால்கள், மலைக்குள் தண்ணீர் போகாதபடி வயலின் அடியையும் பூசிவிடுகின்றன. அதையும் மீறிக் கசியும் கொஞ்சம் தண்ணீர் சரளை வழியே ஓடி, சாந்து பூசாத கல்சுவரின் இடுக்குகளில் வெளியேறும். சுவருக்குப் பின்னால் அழுத்தம் சேராது.

ஆனால் இந்த அடைப்பு ஈரமாக இருக்கும்வரைதான். காய்ந்தால் களிமண் சுருங்கி வெடிக்கும். அடுத்த மழை அந்த வெடிப்பில் நேராகச் சுவருக்குப் பின்னால் இறங்கித் தேங்கி, சுவரையே தள்ளிவிடும். அதனால்தான் ஆண்டுக்கு ஒருபோகம் மட்டும் விளையும் ‘தினாவோன்’ நெல்லை அறுத்த பிறகும் வயலில் தண்ணீரை நிறுத்துகிறார்கள். வயலைக் காயவிடாமல் இருப்பதே மலையைக் காப்பது.

ஆண்டு முழுக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? வயல்களுக்கு மேலே ‘முயோங்’ என்ற காடு இருக்கிறது. குடும்பம் குடும்பமாக வளர்த்துக் காப்பது அது. இலைச்சருகும் வேர்மண்ணும் மழையைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுகின்றன. அப்புறம் வாய்க்கால்தான்.

ஊரில் சடங்குக்குரிய வயல் ஒன்று உண்டு. அதில் முதலில் நட்ட பிறகே மற்றவர்கள் நடுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் ஊரில் யார் எப்போது நடுவது என்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த வேலையை இந்தச் சடங்கு செய்துவிடுகிறது. நெல்லைக் காக்கும் ‘புலுல்’ மரச்சிலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த நடவு முறையில் இருக்கிறது.

இவ்வயல்களுக்கு 2,000 ஆண்டு வயது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோ கரிமக் காலக்கணிப்பை வைத்து, சமவெளிக்கு ஸ்பானியர் வந்த காலத்தை ஒட்டியே இவை பெருகின என்கிறார். வயது குறைந்ததால் பெருமை குறையவில்லை. சில நூற்றாண்டுகளில் இவ்வளவையும் கட்டினார்கள் என்றால் வியப்பு கூடத்தான் செய்கிறது.

இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, பராமரிப்பின்றி வயல்கள் சிதைந்ததால் 2001இல் யுனெஸ்கோ இவற்றை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது; 2012இல்தான் நீக்கியது. ஆய்வுக்கு நிதி தருபவர்கள் வரைபடத்துக்கும் கருத்தரங்குக்கும் தாராளமாகத் தருகிறார்கள். அதில் ஒரு பங்கையாவது, இடிந்த கல்சுவரை மறுபடி அடுக்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல கூலியாகக் கொடுக்க வேண்டும். அவர்களிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கும் சேர்த்து.