ஆலயக் கதவோடு ஜன்னல்களும் திறக்கட்டும்

இதை 2021 ஜூலைத் தொடக்கத்தில், கொரோனாவின் இரண்டாம் அலை தணிந்துவரும் நாள்களில் எழுதுகிறேன். ஜூலை 5 முதல் தமிழ்நாடு முழுவதும் வழிபாட்டுத் தலங்களைப் பொதுமக்களுக்குத் திறக்கலாம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஏப்ரல் 26 அன்று மூடப்பட்ட கிறிஸ்தவ ஆலயங்களில், ஜூலை 11 ஞாயிற்றுக்கிழமை மீண்டும் சபை கூடி ஆராதனை நடக்கவிருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு பகுதித் திருச்சபைகளுக்கு நோய்த்தடுப்பு ஆலோசனை சொல்லிவரும் பொது சுகாதார மருத்துவன் என்ற முறையில், ஆயர்களும் பங்குத்தந்தையரும் சபை மூப்பர்களும் இந்நாள்களில் என்னிடம் கேட்பவற்றைக் கவனித்து வருகிறேன். எந்தத் தெர்மல் ஸ்கேனர் வாங்கலாம், சானிடைசர் எத்தனை லிட்டர் தேவைப்படும், பெஞ்சுகளுக்கு என்ன மருந்து அடிப்பது என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். உங்கள் ஆலயத்தில் எத்தனை ஜன்னல்கள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை இன்றைக்குத் திறக்கும் என்று நான் திருப்பிக் கேட்டால் பலருக்கும் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி அதுதான்.

இரண்டாம் அலையில் கொங்கு மாவட்டங்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. மே மாதக் கடைசியில் கோவையின் அன்றாடத் தொற்று எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. மாநிலத்தின் மற்றப் பகுதிகளுக்குத் தளர்வுகள் கிடைத்த பிறகும் கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்கு அவை தள்ளிப்போயின. இப்போது எண்ணிக்கை இறங்கியிருக்கிறதே தவிர, கிருமி நம்மை விட்டுப் போய்விடவில்லை.

இந்தக் கிருமி முக்கியமாகக் காற்றின் வழியாகப் பரவுகிறது. மூச்சு விடும்போதும் பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் துளிகளில் பெரியவை சில அடிகளுக்குள் கீழே விழுந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளோ அடைத்த கூடத்தில் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கின்றன. அதற்கு மாறாக, கிருமி பட்ட ஒரு பொருளைத் தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு ஒவ்வொரு தொடுதலுக்கும் பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கடந்த ஏப்ரலில் தெரிவித்தது. கை கழுவுவதை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சபையின் பணத்தையும் வாலிபர்களின் உழைப்பையும் துடைப்பதிலும் தெளிப்பதிலும் செலவழித்துவிட்டுக் காற்றை மறந்துவிட்டோமானால், முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்தவர்கள் ஆவோம்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் வெர்னான் என்ற ஊரின் தேவாலயம் ஒன்றில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். நோயைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். ஆகவே வாசலில் சானிடைசர் வைத்திருந்தார்கள், வழக்கமாகத் தழுவிக்கொள்பவர்கள் அன்றைக்குக் கைகூடக் குலுக்கவில்லை. ஆனால் முகக்கவசம் அணியும் வழக்கம் அப்போது இல்லை. அவர்களில் ஒருவருக்கு மட்டும் லேசான சளி அறிகுறி இருந்தது. அவரையும் சேர்த்து, சோதனையில் உறுதியானவையும் உறுதியாகாதவையுமாக 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். கைகளைக் காத்துக்கொண்டவர்களுக்குக் காற்றிலிருந்து காப்பு இல்லாமல் போயிற்று. நமக்கு அருகிலேயே, உடுமலையிலிருந்து மலையேறினால் எட்டிவிடும் மூணாறில், கடந்த ஏப்ரலில் ஆயர்கள் தியானத்துக்காகக் கூடிய பிறகு நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று ஏற்பட்டதையும் சிலர் உயிரிழந்ததையும் செய்தித்தாள்களில் படித்தோம்.

மருந்து தெளிப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சென்ற ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்தபோது நாடே அதைப் பாராட்டியது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் மனிதர்கள்மீது மருந்து தெளிப்பதால் பயன் இல்லை, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல்தான் என்று அதே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே ஆலய வாசலில் அப்படி எதையும் வைக்க வேண்டாம். தெர்மல் ஸ்கேனர் கையிலிருந்தால் பயன்படுத்துங்கள். அதை நம்பி மற்றவற்றைக் குறைத்துவிடாதீர்கள். காய்ச்சல் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் நோயைப் பரப்பக்கூடும். அந்த நாள்களில் கருவி எதையும் காட்டாது.

இனி ஜன்னல்களுக்கு வருவோம். ஆடிக்காற்று தொடங்கும் பருவம் இது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று கோவை, பல்லடம், உடுமலை வரை ஓயாமல் வீசி, காற்றாலைகளைச் சுற்றவைக்கும் மாதங்களில்தான் நமக்கு ஆலயங்களைத் திறக்கும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய துணை வேறு கிடைக்காது. ஆனால் புழுதி வருகிறது, சாரல் அடிக்கிறது, பலிபீடத்து விரிப்பு பறக்கிறது என்று மேற்குப் பக்க ஜன்னல்களைச் சாத்திவைப்பது நம் பழக்கம். மேற்கு ஜன்னல்களைப் பாதியளவும் கிழக்கு ஜன்னல்களை முழுமையாகவும் திறந்து வையுங்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். ஒரு பக்கத்து ஜன்னல்களை மட்டும் திறந்தால் போதாது.

அண்மையில் பழைய ஆலயம் ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். உயர்ந்த கூரை, இரு பக்கமும் எதிரெதிராக ஆளுயர ஜன்னல்கள் என்று, காற்றோட்டத்துக்காகவே கட்டியதுபோன்ற கட்டடம். ஆனால் ஏசி மாட்டியபோது ஜன்னல் சட்டங்களின் இடுக்குகளைப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். தாழ்ப்பாள்களின் மீது பெயிண்ட் ஏறி இறுகியிருந்தது. ஆலயப் பணியாளர் ஸ்குரூ டிரைவரால் பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகத் திறந்தார். திறந்த பிறகு நடுப் பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கு மட்டத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தோம். முன்பு செங்குத்தாக எழும்பிக் கூரையடியில் தேங்கிய புகை, இப்போது கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து கண்முன்னே வெளியேறியது. அதே ஊதுபத்தியை மாடிப்படிக்குக் கீழே உள்ள கடைசி மூலையில் பிடித்தபோது புகை அசையாமல் நின்றது. அந்த மூலையில் யாரும் உட்கார வேண்டாம் என்று பெஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். பணச் செலவில்லாத இந்தச் சோதனையை ஒவ்வொரு சபையும் இந்த வாரமே செய்துபார்க்க வேண்டும்.

ஏசி ஓடினால் புதுக் காற்று வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். நாம் மாட்டியிருக்கும் ஸ்ப்லிட் ஏசிகள் உள்ளேயிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்பத் திரும்பச் சுற்ற விடுகின்றன. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ஏசியை நிறுத்திவிட்டு மின்விசிறிகளைப் போடுங்கள். திருப்பூரிலும் காந்திபுரத்திலும் வணிக வளாக மாடிகளிலும், பனியன் குடோன்களாக இருந்த இடங்களிலும் இயங்கும் ஜெபக்கூடங்களில் ஒரு பக்கம் மட்டுமே ஜன்னல் இருக்கும். அங்கே பெடஸ்டல் விசிறியை ஜன்னலை நோக்கித் திருப்பி, உள்காற்றை வெளியே தள்ளும்படி வைத்து, எதிர்ப்புறக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். ஜன்னலே இல்லாத கூடத்தில் எந்தக் கட்டுப்பாட்டோடும் கூட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெயில் ஏறும் முன், காலை ஆறரை மணிக்கு, நாலு பக்கமும் திறந்த பந்தலில் அல்லது பள்ளி மைதானத்தில் உரிய அனுமதி பெற்று ஆராதனை நடத்தலாம்.

ஜன்னலைத் திறந்தால் ஒலிபெருக்கிச் சத்தம் வெளியே போய் அக்கம்பக்கத்தார் குறை சொல்வார்கள் என்ற தயக்கம் நியாயமானது. ஒலியைக் குறைத்துவிடுங்கள். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒருவர் எவ்வளவு உரக்கப் பேசுகிறாரோ அவ்வளவு அதிகமாக நுண்துளிகள் வெளியேறுகின்றன, ஒலிபெருக்கி இரைந்தால் அதற்கு மேல் குரலெழுப்பித்தான் சபையும் ஜெபிக்கும். மைக்கின் ஒலி தணிந்தால் எல்லாருடைய குரலும் தணியும்.

மிகக் கடினமான பகுதி பாடல்தான். பாடகர் குழுக்கள் கூடாது, பதிவு செய்த பாடல்களை ஒலிக்கச் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் 4 அன்று வெளியிட்ட நெறிமுறை சொன்னது. “பாட்டில்லாத ஆராதனை சோறில்லாத விருந்து மாதிரிங்க டாக்டர்” என்று ஒரு மூப்பர் என்னிடம் வருந்திச் சொன்னார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. பிறந்தது முதல் பாடி வளர்ந்த கீர்த்தனையை வாய்க்குள் அடக்கிக்கொள்வது எளிதல்ல. ஆனாலும் தொற்று குறைந்து நிலைக்கும் வரை, பாடலைப் பதிவிலிருந்தோ கீபோர்டிலிருந்தோ ஒலிக்கச் செய்து, சபையார் வரிகளைப் பார்த்து மனத்துக்குள் சொல்லிக்கொள்வதே பாதுகாப்பு. வேதபாடம் வாசிப்பவரும் பிரசங்கம் செய்பவரும் மைக் முன்னால் வந்ததும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிடுகிறார்கள். மைக்கை அருகில் வைத்தால் முகக்கவசத்தோடு பேசுவதே நன்றாகக் கேட்கும்.

நேரத்தையும் குறைக்க வேண்டும். ஒரே கூடத்தில் ஒரே காற்றை எவ்வளவு நேரம் பகிர்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடுகிறது. இரண்டு மணி நேரத்து ஆராதனையை முக்கால் மணிக்குள் முடித்து, இரண்டாக அல்லது மூன்றாகப் பிரித்து, நடுவில் அரை மணி நேரம் கூடத்தைக் காற்றாட விடுங்கள். சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்துவரும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்குப் பிந்தைய ஆராதனை வசதிப்படும். குறைப்பதென்றால் முதலில் அறிவிப்புகளைக் குறைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மரித்தோருக்கான ஜெபத்தில் கைவைக்காதீர்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தில் பொதுக் கிண்ணம் வேண்டாம். தனித்தனிச் சிறு கிண்ணங்கள் போதும். கத்தோலிக்க ஆலயங்களில் நற்கருணையைக் கையில் வழங்கி, அவரவர் இடத்துக்குச் சென்ற பிறகு முகக்கவசத்தை விலக்கி உட்கொள்ளச் சொல்லலாம். தீர்த்தத் தொட்டி காலியாகவே இருக்கட்டும், காணிக்கைப் பெட்டியை வாசலில் வையுங்கள். மாதா கெபி (மாதா சிலை வைத்த குகை மாடம்) உள்ள இடங்களில் ஓர் எச்சரிக்கை: சானிடைசரில் இருப்பது எரியக்கூடிய ஆல்கஹால். கை முழுவதும் உலர்வதற்குள் மெழுகுவர்த்தி ஏற்றினால் தீப்பற்றக்கூடும். ஆகவே சானிடைசரைக் கெபியின் அருகில் வைக்காமல், அங்கே சோப்பும் தண்ணீரும் வைத்துவிடுங்கள்.

65 வயதுக்கு மேற்பட்டவர்கள், இணைநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருக்கும்படி மத்திய அமைச்சகத்தின் அதே நெறிமுறை அறிவுறுத்தியது. ஆனால் நம் சபைகளில் ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். கோவிஷீல்டு தடுப்பூசியின் இரண்டாம் தவணைக்கான இடைவெளி 2021 மே மாதத்தில் 12 முதல் 16 வாரமாக நீட்டப்பட்டதால் அவர்களில் பலர் இன்னும் ஒரே ஊசியோடு இருக்கிறார்கள். டெல்டா என்ற உருமாறிய கிருமிக்கு எதிராக ஒரு தவணையின் காப்பு குறைவு. இரண்டாம் தவணை போட்டு இரண்டு வாரம் ஆன பிறகே தடுப்பூசியின் முழுப் பலன் கிடைக்கும். அதுவரை ஆயர் அந்தப் பெரியவர்களின் வீட்டுத் திண்ணைக்கே சென்று, வெளியில் நின்று ஜெபித்துவிட்டு வரலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு யூடியூப் ஆராதனையால் பயன் இல்லை என்பதை மறக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு 2021 ஜூலையில் அனுமதித்துவிட்டது. சபையின் பெண்கள் ஐக்கியம் இந்தச் செய்தியை வீடுவீடாகக் கொண்டு சேர்க்க வேண்டும்.

மரித்தோருக்கான ஜெபத்தைப் பற்றிச் சொன்னேன். மே மாதத்தில் இறந்த பலரின் அடக்க ஆராதனைக்கு உறவினர்கள்கூட வர முடியவில்லை; கல்லறைத் தோட்டத்தில் பாதுகாப்பு உடையணிந்த நாலு பேர் இறக்கிவைக்க, பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் முதல் ஞாயிறன்றே வருவார்கள். அவர்களைக் கண்டதும் யாரும் ஆறடி தள்ளி நிற்க மாட்டார்கள், அழுதுகொண்டு கட்டிப்பிடிப்பார்கள். அதைத் தடுக்கச் சட்டம் பேசுவது மனிதத்தன்மையும் ஆகாது, நடக்கவும் நடக்காது. ஆகவே அதற்கென்று ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். ஆராதனை முடிந்ததும் அந்தக் குடும்பங்களை வளாகத்து வேப்பமரத்தடிக்கு அழைத்துச் சென்று, நாற்காலிகள் போட்டு, இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஜெபித்து, ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் முகக்கவசத்தோடு அங்கே வந்து சொல்லும்படி ஏற்பாடு செய்யலாம். திறந்த வெளியில் ஆபத்து பலமடங்கு குறைவு. உள்ளே கூடத்தில் அழுது தீர்க்க வேண்டியதை வெளியே மரத்தடியில் அழுது தீர்க்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் சபையில் யாருக்காவது நோய் வரக்கூடும். ஆலயத்துக்கு வந்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒவ்வோர் ஆராதனைக்கும் தனித்தனியாக ஒருவரே எழுதி வைத்திருந்தால், அன்று மாலையே அதே ஆராதனைக்கு வந்தவர்களுக்குச் சொல்லிவிடலாம். ஆலயத்தில் தொற்றிய நோய் ஊருக்குள்ளும் பரவும் என்பதற்கு ஒரு கணக்கு: 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துத் தேவாலயம் ஒன்றின் நிகழ்வுகளுக்கு வந்த 92 பேரில் 35 பேருக்குத் தொற்று உறுதியாகி மூவர் இறந்தனர், அவர்களோடு தொடர்புடைய ஊர்க்காரர்களில் மேலும் 26 பேருக்குத் தொற்று பரவி ஒருவர் இறந்தார். ஆலயத்துக்கே வராதவர் அவர். நோயுற்றவரின் பெயரைச் சபையில் சொல்ல வேண்டியதில்லை. எந்த நாள், எந்த நேரத்து ஆராதனை என்று சொன்னால் போதும். ஒரே வாரத்தில் வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த இருவருக்குத் தொற்று உறுதியானால், உங்கள் பகுதி சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் கொடுத்துவிட்டு, இரண்டு ஞாயிறுகளுக்குக் கூடத்தைப் பூட்டி, ஆராதனையைத் தொலைபேசிக்கும் திறந்த வெளிக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.