வாளியைத் தூக்கிக் காட்டுங்கள்

என் சிகிச்சை அறையின் மூலையில் பாதி தண்ணீரோடு ஒரு வாளி இருக்கும். தரை துடைக்க வைத்திருக்கிறேன் என்றே பலரும் நினைப்பார்கள். பேசி முடித்ததும், "அதைத் தூக்கி இந்த மேசைமேல் வையுங்கள், பார்க்கலாம்" என்பேன்.

சிறுநீர்க் கசிவுக்காக வந்திருந்த அந்தப் பெண்மணி குனிந்தார். உதடுகள் இறுகின. கன்னம் உப்ப மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினார். வாளியை வைத்த மறுகணம் முகம் மாறியது. "இதோ, இப்போதுதான்" என்றார், குரலைத் தாழ்த்தி. மூன்று மாதமாகக் கட்டிலில் படுத்தபடி இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி செய்தவர் அவர். கசிவோ கட்டிலில் வரவில்லை. குழந்தையைத் தூக்கும்போதும் துணிக்கூடையை நகர்த்தும்போதும்தான் வந்தது.

இடுப்புத் தளத் தசைகள் முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை தொட்டில்போல விரிந்து சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. ஆண்களுக்கும் இந்தத் தொட்டில் உண்டு. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு கசிவோடு வருகிறவர்கள் குறைவில்லை. மூச்சை அடக்கிப் பளு தூக்கினால் வயிற்றின் அழுத்தம் மொத்தமும் அந்தத் தொட்டில்மேல் இறங்கும். தூக்குவதற்கு ஒரு நொடி முன் தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி தூக்கினால் பாரம் குறையும். இருமலுக்கும் தும்மலுக்கும் இதே உத்திதான். அந்தப் பெண்மணி அன்று எட்டு முறை வாளியைத் தூக்கினார்.

நான் செய்வது ஆக்குபேஷனல் தெரபி என்றதும், "வேலை வாங்கித் தருவீர்களா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, பயணம் போவது, துணையோடு நெருங்கியிருப்பது என ஒரு நாளை நிரப்பும் செயல்கள் எல்லாமே எங்கள் கணக்கில் 'வேலை'தான். சிக்கல் எந்தச் செயலில் தலைகாட்டுகிறதோ, அந்தச் செயலுக்குள்ளேயே சிகிச்சையைக் கொண்டுபோகிறோம்.

தொடக்க காலத்தில் நானும் பயிற்சித் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அதைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார்கள், செய்யத்தான் இல்லை. இப்போது தாள் கொடுப்பதில்லை. பல் துலக்கியதும் ஒரு சுற்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஒரு சுற்று என்று ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறேன்.

இறுக்கித் தளர்த்தும் அந்தப் பயிற்சியை 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. நல்ல பயிற்சிதான், ஆனால் எல்லோருக்கும் அல்ல. சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது. விடாமல் இறுகிக் கிடக்கும். உறவின்போது வலி, சிறுநீர் விட்டுவிட்டு வருவது, முக்கினாலும் மலம் இறங்காதது எல்லாம் அதன் அடையாளங்களாக இருக்கலாம். அவர்கள் மேலும் இறுக்கினால் வலிதான் மிஞ்சும். முதலில் தளர்த்தக் கற்க வேண்டும். பரிசோதனை இல்லாமல் காணொளியைப் பார்த்துத் தொடங்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அடுத்தது மூன்று நாள் குறிப்பேடு. எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை முறை போனீர்கள், கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதி வரச் சொல்வேன். உண்மை அதில்தான் வெளிப்படும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் ஏராளம். சிறுநீர் அடர்ந்து பையை உறுத்த, அவசரம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. வெளியே கிளம்பும்போதெல்லாம் 'எதற்கும் ஒரு தடவை' போய்வருகிறவர்களின் பையோ, கொஞ்சம் நிரம்பியதுமே கூப்பாடு போடப் பழகிவிடுகிறது. வீட்டுக் கதவில் சாவியை நுழைத்ததும் அடக்க முடியாமல் போகிறதா? ஓடாதீர்கள். அங்கேயே நின்று, தசையை ஐந்தாறு முறை சட்சட்டென்று இறுக்கித் தளர்த்துங்கள். அலை இறங்கியதும் நடந்து போங்கள். ஒருமுறை கழிப்பறை போனதற்கும் அடுத்த முறைக்குமான இடைவெளியைக் கால் மணி நேரம், கால் மணி நேரமாக நீட்டிக்கொண்டே போகலாம்.

மலச்சிக்கல் இருந்தால், மேற்கத்திய கழிப்பறையில் கால்களுக்கடியில் ஒரு சிறு முக்காலி. முழங்கால் இடுப்புக்கு மேலே உயரட்டும், முக்க வேண்டாம்.

சிறுநீரில் ரத்தம் வந்தால் பயிற்சியை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் போங்கள். திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, முதுகுவலியோடு தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு முதியவரை மகள் அழைத்துவந்தார். "அப்பாவுக்கு இரவில் கட்டுப்பாடே இல்லை, டயப்பர் போட்டுவிடலாமா?" என்றார். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படுக்கையிலிருந்து எழுந்து போவதுபோல் செய்துகாட்டுங்கள் ஐயா" என்றேன். எழ மூன்று முயற்சி. நடை பரவாயில்லை. கழிப்பறை வாசலில் நின்று கால்சட்டைக் கொக்கியோடு போராடினார். மூட்டுவாதத்தில் வளைந்த விரல்கள் அதன்மேல் வழுக்கிக்கொண்டே இருந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்: கொக்கிக்கு மட்டும் நாற்பது நொடி.

கொக்கியை எடுத்துவிட்டு எலாஸ்டிக் தைத்தார்கள். கட்டிலை உயர்த்தி, பிடித்து எழ ஒரு கைப்பிடி பொருத்தினார்கள். வழியில் ஒரு சிறு விளக்கு. அடுத்த மாதம் வந்தபோது பெரியவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். மகள் வாங்கி வைத்த டயப்பர் பொட்டலம் இன்னும் பிரிக்கப்படவில்லையாம்.