லண்டன் – பாரிஸ்: முக்கால் மணி நேரப் பயணமா?

"லண்டன்ல இருந்து பாரிஸ் முக்கால் மணி நேரம்தானே சார், காலையில போயிட்டு ராத்திரி திரும்பிடலாம்ல?" ஐரோப்பாவுக்கு டிக்கெட் போட வருகிறவர்களில் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார். இணையத்தில் பார்த்திருப்பார். தூரம் 344 கிலோமீட்டர், விமானத்தின் வேகத்தால் வகுத்தால் அரை மணிகூட வராது, ஏற இறங்கக் கொஞ்சம் சேர்த்தால் முக்கால் மணி. கணக்கில் தப்பில்லை. ஆனால் அது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும்தான்.

அந்த 344 நேர்கோட்டுத் தூரம். விமானம் அப்படிக் கோடு கிழித்த மாதிரி போகாது. எதிர்காற்றைப் பார்த்து மேலேறி, அப்புறம்தான் போகவேண்டிய பக்கம் திரும்பும். வரும்போது லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நெரிசல் இருந்தால் இறங்க விடாமல் வட்டமடிக்க வைப்பார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றேகால் மணிச் சொச்சம் என்பது, விமானம் இங்கே நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை. பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் தரையிறங்கிய பிறகு ஊர்ந்துகொண்டே இருக்கிறோமே, அதுவும் இதில் சேர்த்திதான்.

கடிகாரமும் குழப்பும். பாரிஸ் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 10 மணிக்குக் கிளம்பினால் 12.20 என்று இருக்கும், திரும்பும் டிக்கெட்டில் மாலை 6 மணிக்குக் கிளம்பி 6.20க்கு லண்டன் என்று இருக்கும். இதை அச்சுப்பிழை என்று நினைத்து எனக்கு போன் செய்தவர்கள் உண்டு.

வாசலில் இருந்து வாசல் வரை எண்ணுங்கள். ஊருக்குள்ளிருந்து ஹீத்ரோவுக்கு ஒரு மணி நேரம், முன்கூட்டியே போய் நிற்க இரண்டு மணி நேரம், விமானம், பாஸ்போர்ட் வரிசை, அங்கிருந்து ரயிலில் பாரிசுக்குள் அரை மணிக்கு மேல். ஐந்தரை மணி நேரம் சர்வசாதாரணம். தெற்கு லண்டனில் தங்கியிருந்த ஒருவர், மலிவாகக் கிடைக்கிறதே என்று வடக்கே லூட்டனில் இருந்து விடிகாலை விமானத்தைத் தானே போட்டுவிட்டார். அந்த நேரத்துக்கு டாக்ஸிதான் கிடைத்தது, டாக்ஸிக் காசு டிக்கெட்டைத் தாண்டிவிட்டது!

நான் பெரும்பாலும் ரயிலைத்தான் சொல்வேன். கடலுக்கடியில் 1994இல் திறந்த சுரங்கம் வழியாக யூரோஸ்டாரில் சுமார் 2 மணி 20 நிமிடம். பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனையும் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே முடிந்துவிடும், அதனால் ஒன்றேகால் மணி நேரமாவது முன்னால் போய்விடுங்கள். பாரிஸில் கார் து நோர் நிலையத்தில் இறங்கி நேராக வெளியே நடக்கலாம். பத்து நிமிடத்தில் லா ஷப்பேல் பகுதி, அங்கே ஈழத்தமிழர் கடைகளில் தோசை கிடைக்கும்.

தூரம் குறைவு என்பதால் நடுவில் எல்லை இருப்பதே மறந்துபோகிறது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால், பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேறு, பிரிட்டன் விசா வேறு. ஒரு குடும்பம் பாரிஸில் இறங்கி, இரண்டு நாள் லண்டன் பார்த்துவிட்டு, மறுபடி பாரிஸ் வந்து ஊர் திரும்புவதாகத் திட்டம் போட்டிருந்தது. கையில் இருந்ததோ ஒரே முறை நுழையும் ஷெங்கன் விசா. லண்டன் போனதோடு அது தீர்ந்துவிடும். நல்லவேளை, கிளம்பும் முன்பே கண்ணில் பட்டது, திரும்பும் டிக்கெட்டை லண்டனில் இருந்தே மாற்றிப் போட்டுக் கொடுத்தேன்.