ஃப்ளோ சைட்டோமெட்ரி: பேருக்குள்ள பாத்திரம் இருக்கு, லேசர் இல்ல

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ரத்தம் குடுத்தா சில டெஸ்ட் மதுரைக்கோ சென்னைக்கோ போயிட்டுதான் வரும், ரத்தப் புற்றுநோய் என்ன வகைன்னு பாக்க, எச்ஐவி இருக்கவங்களுக்கு சிடி4ங்கிற நோய் எதிர்ப்பு செல்லுகள எண்ண, இதுக்கெல்லாம் ரிப்போர்ட்ல ஃப்ளோ சைட்டோமெட்ரின்னு போட்டிருக்கும். அப்படின்னா என்னன்னு ஆச்சிமாரு கேட்டா என்ன சொல்றது? செல்லுகள வரிசையா ஓட விட்டு, லேசர் வெளிச்சம் பட வச்சு ஒவ்வொண்ணா அளக்குறதுதான் அது, அதுக்கு தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்னு பாப்போம்.

ஃப்ளோ பாய்வு, மெட்ரி அளவு, அது ரெண்டும் ஈஸி. சைட்டோங்கிறது கிரேக்கத்துல கைடோஸ், உள்ள குடைவா இருக்க பாத்திரம்னு அர்த்தம், பின்னாடி உயிரியல்காரங்க அத செல்லுக்கு எடுத்துக்கிட்டாங்க. தமிழ்ல பாத்திரத்துக்கு பழைய சொல்லு கலம், கல்யாணத்துல சாமான் பரப்பும்போது வரிசையா நிக்கிற வெண்கலத்துக்குள்ள இருக்க அதே கலம்தான். இலங்கைப் பாடப்புத்தகத்துல செல்லுக்கு கலம்னே போடுறாங்க, நம்ம ஊர்ல செல், உயிரணு. உயிரணு நல்ல சொல்லுதான், ஆனா கைடோஸுக்கு நேரா நிக்கிறது கலம், அதனால என் ஓட்டு பாய்வுக் கல அளவியலுக்கு, மெஷினுக்கு பாய்வுக் கலமானி.

1968ல ஜெர்மனியில வோல்ஃப்காங் கோடே ஒளிர்வ வச்சு அளக்குற மெஷின் கொண்டு வந்தப்ப இதுக்கு பேரு பல்ஸ் சைட்டோபோட்டோமெட்ரி, போட்டோன்னா ஒளி. 1976ல ஃப்ளோரிடாவுல பென்சகோலா மாநாட்டுல இப்ப இருக்க பேர ஒத்துக்கிட்டாங்க, அதுல ஒளி காணாமப் போச்சு. வேலை முழுக்க வெளிச்சத்துலதான் நடக்குது, பேருல மட்டும் அது இல்ல!

இப்ப அந்த வெளிச்சத்த குடுக்குறது லேசர், அதுக்கு தமிழ்ல சீரொளின்னு சொல்றோம். லேசர் முதலெழுத்துகள கோத்த பேரு, தூண்டிவிட்ட உமிழ்வால ஒளியப் பெருக்குறதுன்னு விரியும், தமிழ்ல அத விரிக்காம குணத்த வச்சு பேரு குடுத்துட்டாங்க (கல்யாணச் சீருக்கும் இதுக்கும் சம்பந்தம் தேடாதீங்க). இந்த மெஷின்ல இப்ப இருக்கது லோ பவர் லேசர், லோ பவருக்கு குறைந்த சக்தின்னு எழுதுறாங்க, இயற்பியல் பாடத்துல வாட்ல அளக்குறது திறன், ஆக குறைதிறன் சீரொளி.

பழைய பெரிய மெஷின்ல ஆர்கான் லேசர் இருந்துச்சு, தண்ணி ஓட விட்டு குளிர வைக்கணும், கரண்டும் நிறைய குடிக்கும். இப்ப சின்ன திடநிலை லேசர், 20, 50 மில்லிவாட் போதும். எப்படி போதும்னா, உறை மாதிரி சுத்தி ஓடுற தண்ணி (உறைநீர்) நெருக்கி செல்லுகள ஒவ்வொண்ணா நடுவுல ஓட்டும், ஒளிய முடிய விட ஒல்லியா அந்த இடத்துலயே குவிப்பாங்க, செல்லு அத தாண்ட சில மைக்ரோ செகண்டுதான், அதுக்குள்ள சிதறுற வெளிச்சத்தயும் செல்லுல ஒட்ட வச்ச சாயத்துல இருந்து வர்ற ஒளிர்வயும் லென்ஸ் வாரி எடுத்துரும். 488 நானோமீட்டர் நீல ஒளி பட்டா ஃப்ளோரசீன்ங்கிற சாயம் பச்சையா மின்னும். திறன ஏத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துக்கு மேல மின்னுறது அதிகமாகாது, சாயம் வெளுக்கத்தான் செய்யும். குறைதிறன்னு நம்பி கண்ண மட்டும் காட்டிராதீங்க, கையில வச்சு காட்டுற லேசர் பாயின்டரே 5 மில்லிவாட்டுக்குள்ள இருக்கணும்னுதான் அமெரிக்காவுல விதி.

ரிப்போர்ட் படத்துல எஃப்எஸ்சி, எஸ்எஸ்சின்னு இருந்தா முறையே முன் சிதறல், பக்கச் சிதறல். முன்னது செல்லோட பருமன சொல்லும், பின்னது உள்ள எவ்வளவு மணிமணியா இருக்குன்னு சொல்லும். லேப் தம்பிங்க இதெல்லாம் எதுவும் சொல்ல மாட்டாங்க, "ஃப்ளோவுக்கு அனுப்பியாச்சு"ன்னு முடிச்சிருவாங்க.